ஒரிஜினலா, ஆடியோஃபைல் மறுவெளியீடா? ராக் எல்.பி.களை முறையாக ஒப்பிட ஒரு முழு வழிகாட்டி

பழைய ஒரிஜினல் தட்டையும் ஒலித்தரப் பிரியர்களுக்காக வரும் ஆடியோஃபைல் மறுவெளியீட்டையும் ஒப்பிடுவதில் புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் மறுவெளியீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்த கையோடு பழைய தட்டையும் எடுத்து, ஒன்று மாற்றி ஒன்று போட்டுக் கேட்டு, அரை மணி நேரத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அப்படிக் கேட்டால் எது சத்தமாக வெட்டப்பட்டிருக்கிறது, எதில் அழுக்கு அதிகம், எது தேய்ந்திருக்கிறது என்பது மட்டுமே தெரியும். எந்த மாஸ்டரிங் (டேப்பில் உள்ள ஒலியைத் தட்டுக்கு ஏற்பச் சமன்செய்யும் வேலை) நல்லது என்ற கேள்விக்கு அதில் பதில் கிடைக்காது. இந்த மூன்றையும் விலக்கிய பிறகு மிஞ்சும் வித்தியாசத்தைத்தான் நாம் தேடுகிறோம். கீழே உள்ள படிகளின் வரிசை அதற்காகத்தான். வரிசை மாறினால் முன்னால் செய்த வேலையை மறுபடி செய்ய வேண்டி வரும்.

உதாரணத்துக்கு ஃப்ளீட்வுட் மேக்கின் 'ரூமர்ஸ்' ஆல்பத்தை எடுத்துக்கொள்கிறேன். 1977 பிப்ரவரியில் வந்த அமெரிக்க வார்னர் பிரதர்ஸ் தட்டு (பி.எஸ்.கே. 3010) ஒரு பக்கம். பொறியாளர்கள் ஸ்டீவ் ஹாஃப்மனும் கெவின் கிரேயும் வெட்டி, 2011இல் நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் இரண்டு தட்டுகளாக வந்த மறுவெளியீடு இன்னொரு பக்கம். பழகுவதற்கு ஏற்ற ஜோடி இது. பழைய தட்டு ஏராளமாக விற்றது, இன்றும் கிடைக்கிறது. இரண்டிலும் இருப்பது ஒரே ஒலிக்கலவை.

1. கையில் இருக்க வேண்டியவை

ஊசி அழுத்தம் பார்க்க டிஜிட்டல் தராசு, வேகம் பார்க்க ஸ்ட்ரோப் தட்டு, ஊசியின் கோணம் பார்க்க ப்ரொட்ராக்டர், பிரகாசமான ஒற்றை விளக்கு, உருப்பெருக்கிக் கண்ணாடி, தட்டுக் கழுவும் சாதனம். அப்புறம் ஊசியின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ ப்ரீஆம்பிலிருந்து கணினிக்குப் பதிவு செய்ய ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஹெட்ஃபோன்.

இந்தக் கடைசி இரண்டையும் பலர் தவிர்க்கப் பார்க்கிறார்கள். வினைலைக் கணினியில் ஏற்றுவது பாவம் என்ற எண்ணம் இருக்கிறது. ஆனால் ஒரு தட்டை எடுத்து இன்னொன்றை வைத்து ஊசி இறக்க ஒரு நிமிடம் ஆகும். முதலில் கேட்டதன் நுணுக்கம் அதற்குள் நினைவிலிருந்து நழுவிவிடும். அதிலும் ஒன்று 33, இன்னொன்று 45 என்றால் இடைவெளி இன்னும் கூடும். பதிவு செய்யாமல் நேர்மையாக ஒப்பிட எனக்குத் தெரிந்து வழியில்லை.

2. உங்களிடம் இருப்பது எந்தத் தட்டு என்று உறுதிசெய்யுங்கள்

அட்டையில் 1977 என்று போட்டிருப்பதால் அது 1977இல் அச்சான தட்டு ஆகிவிடாது. முதலில் லேபிளைப் பாருங்கள். 'ரூமர்ஸ்' வெளிவந்தபோது வார்னர் பயன்படுத்தியது பனைமர வரிசை உள்ள பர்பேங்க் லேபிள். வெளிர் நிற லேபிள் இருந்தால் அது பின்னால் அச்சானது.

அடுத்து டெட் வாக்ஸ். கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவில் உள்ள வெற்று வளையத்தைத்தான் அப்படிச் சொல்வார்கள். அதில் கீறியோ முத்திரையிட்டோ இருக்கும் எண்களும் எழுத்துகளும்தான் தட்டின் உண்மையான அடையாளம். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, தட்டை மெதுவாகச் சுழற்றிப் படித்து, ஓர் எழுத்து விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். நிறைய விற்ற ஆல்பத்துக்கு லாக்கர் (ஒலிப்பள்ளம் முதலில் வெட்டப்படும் மூலத் தட்டு) பல முறை வெட்டப்படும், பல ஆலைகளில் தட்டு அச்சாகும். அதனால் ஒரே ஆண்டில் வந்த இரண்டு 'ஒரிஜினல்'களுக்குள்ளேயே ஒலி மாறலாம்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு லெட் செப்பலினின் இரண்டாவது ஆல்பம் நல்ல சாட்சி. 1969இல் பொறியாளர் பாப் லட்விக் வெட்டிய முதல் வெட்டு மிகுந்த சத்தமும் ஆழமான பேஸும் கொண்டது. மலிவான பிளேயர்களில் ஊசி எகிறியதால் அதை விலக்கி, அடக்கமான இன்னொரு வெட்டைப் போட்டார்கள். டெட் வாக்ஸில் ஆர்.எல். என்ற எழுத்துகள் உள்ள தட்டும் அவை இல்லாத தட்டும் இரண்டுமே 1969தான். ஆனால் கேட்கும்போது இரண்டும் வேறு வேறு. 'ஒரிஜினலோடு ஒப்பிட்டேன்' என்று சொல்பவரிடம் நான் முதலில் கேட்பது எந்த ஒரிஜினல் என்றுதான்.

இங்கிலாந்தின் ஈ.எம்.ஐ. தட்டுகளில் இன்னும் விவரம் கிடைக்கும். டெட் வாக்ஸில் உள்ள மேட்ரிக்ஸ் எண்ணின் கடைசி இலக்கம் எத்தனையாவது வெட்டு என்பதைச் சொல்லும். லேபிளின் இடப்பக்கம் உள்ள எண் லாக்கரின் வழியில் உருவாகும் 'மதர்' தகட்டையும், வலப்பக்க எழுத்துகள் தட்டை அச்சிடும் ஸ்டாம்பரையும் குறிக்கும். கிராமஃபோன் நிறுவனப் பெயரின் எழுத்துகளை எண்களாகப் பயன்படுத்தினார்கள்: ஜி என்றால் 1, ஆர் என்றால் 2, ஏ என்றால் 3 என்று போகும். ஸ்டாம்பர் எண் சிறியதாக இருந்தால் விலை கூடும். ஒலி அதனாலேயே கூடும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நம் ஊர்ப் பழைய தட்டுக் கடைகளில் கிடைக்கும் பீட்டில்ஸ், பிங்க் ஃப்ளாய்ட் எல்.பி.களில் பல கல்கத்தாவின் டம்டம் ஆலையில் அச்சானவை. விருப்பத்தோடு வைத்திருக்க வேண்டிய தட்டுகள்தான். ஆனால் அவற்றை 'ஒரிஜினல்' இடத்தில் வைத்து மறுவெளியீட்டோடு ஒப்பிட்டால், இந்திய அச்சா மறுவெளியீடா என்று கேள்வியே மாறிப்போகும்.

3. மறுவெளியீடு எதிலிருந்து வெட்டப்பட்டது என்று பாருங்கள்

இங்கே மூன்று கேள்விகள். ஒலிக்கலவை அதேதானா? மூலம் டேப்பா, டிஜிட்டல் கோப்பா? பாட்டின் நீளம் அதேதானா?

முதல் கேள்வியில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ரீமாஸ்டர் என்றால் பழைய ஸ்டீரியோ கலவையை வைத்து மறுபடி சமன்செய்தது. ரீமிக்ஸ் என்றால் கருவிகளும் குரல்களும் தனித்தனித் தடங்களில் உள்ள பல்தடப் பதிவிலிருந்து கலவையையே புதிதாகச் செய்தது. பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்' 2017இல் வந்தது ஜைல்ஸ் மார்ட்டின் செய்த ரீமிக்ஸ். அதை 1967 தட்டோடு வைத்து 'எந்த அச்சு நல்லது' என்று கேட்க முடியாது.

மூலத்தைப் பற்றி ஸ்டிக்கரில் உள்ள வாசகத்தை நிதானமாகப் படியுங்கள். 'ஒரிஜினல் மாஸ்டர் டேப்பிலிருந்து' என்ற சொல் நடுவில் டிஜிட்டல் கட்டம் இல்லை என்று உறுதி தருவதில்லை. ஆடியோஃபைல் மறுவெளியீட்டு நிறுவனமான மொபைல் ஃபிடெலிட்டியின் தட்டுகள் முழு அனலாக் என்றே பலர் நம்பியிருந்தார்கள். 2022இல்தான் அவற்றில் பலவற்றில் டி.எஸ்.டி. என்ற டிஜிட்டல் வடிவில் ஒரு கட்டம் இருப்பது வெளியே தெரிந்தது. அதுவரை அதே தட்டுகளின் 'அனலாக் இதத்தை' மெச்சியவர்கள் நிறைய. ஆகவே மூலத்தைத் தெரிந்துகொண்டு குறித்து வையுங்கள், ஆனால் அதை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். பீட்டில்ஸின் 2012 ஸ்டீரியோ எல்.பி.கள் டிஜிட்டல் மூலத்திலிருந்தும், 2014 மோனோ எல்.பி.கள் அனலாக் டேப்பிலிருந்தும் வெட்டப்பட்டவை. அவற்றையும் காதால் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நீளத்துக்கு டைர் ஸ்ட்ரெய்ட்ஸின் 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' உதாரணம். 1985இல் டிஜிட்டல் பல்தடத்தில் பதிவான ஆல்பம். ஒற்றை எல்.பி.யில் இடம் போதாமல் சில பாடல்களைச் சுருக்கினார்கள். பின்னால் வந்த இரட்டைத் தட்டுகளில் முழு நீளம் இருக்கிறது. இந்த ஆல்பத்தில் 'ஒரிஜினல் அனலாக்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

4. தேய்மானத்தைக் கண்ணால் பாருங்கள்

கழுவுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். தேறாத தட்டுக்கு மற்ற வேலைகள் வீண். ஒற்றை விளக்கின் கீழ் தட்டைச் சாய்த்தால், சத்தமான பகுதிகளில் பளபளப்பு மங்கிச் சாம்பல் பூத்தது போல் தெரிந்தால் பழைய கனமான ஊசி அந்தப் பள்ளத்தைத் தின்றிருக்கிறது. மேலோட்டமான மெல்லிய கீறல்கள் பயமுறுத்தும், ஆனால் பெரும்பாலும் ஒலியில் வராது. அதே சமயம் கண்ணாடி போல் மின்னும் தட்டு தேய்ந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

அதனால் காதாலும் சோதியுங்கள். பக்கத்தின் கடைசிப் பாட்டில் குரல் உச்சம் தொடும் இடத்தை ஹெட்ஃபோனில் கேளுங்கள். பொரிவது போன்ற ஒரு கரகரப்பு, அதுவும் ஒரே சேனலில் வந்தால், அது தேய்மானம். அந்தத் தட்டை ஒப்பீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். தேய்ந்த ஒரிஜினலைத் தோற்கடித்து எந்த மறுவெளியீடும் பெருமைப்பட ஒன்றுமில்லை.

புதுத் தட்டுக்கும் குறை வரும். பள்ளம் முழுதாக நிரம்பாமல் அச்சான இடத்தில் துணி கிழிவது போல் ஓர் ஓசை கேட்கும். எத்தனை முறை கழுவினாலும் அது போகாது, மாற்றித்தான் வாங்க வேண்டும்.

5. இரண்டையும் ஒரே மாதிரி கழுவுங்கள்

பழையதை மட்டும் கழுவுவது வழக்கமான தவறு. புதுத் தட்டிலும் உட்காகித உறையின் தூசும் ஆலையின் படிவும் இருக்கும். இரண்டையும் ஒரே திரவம், ஒரே முறை, ஒரே எண்ணிக்கை என்று கழுவி முழுக்கக் காயவிடுங்கள். கடைசி அலசலுக்குக் காய்ச்சி வடித்த நீர்தான். ஆழ்துளைக் கிணற்று நீரில் உள்ள உப்பு பள்ளத்திலேயே படிந்து புதிதாகச் சடசடப்பை உண்டாக்கும். கடலோர ஊர்களில் இருந்து வரும் பழைய தட்டுகளில் பூஞ்சை இருக்கும். அவற்றுக்கு இரண்டு சுற்று தேவைப்படும். கழுவிய தட்டைப் பழைய உறைக்குள் திரும்பப் போடாதீர்கள்.

6. டர்ன்டேபிளைச் சரிசெய்து, பிறகு தொடாதீர்கள்

கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பாகம்) நிறுவனம் சொல்லும் வரம்புக்குள் ஊசி அழுத்தத்தைத் தராசில் வைத்து அமையுங்கள். பிறகு ப்ரொட்ராக்டரில் கோணத்தைச் சரிபாருங்கள். கோணம் பிசகினால் உட்பள்ளங்களில் இரைச்சல் கூடும், அந்தப் பழி தட்டின் மேல் விழும்.

180 கிராம் தட்டு தடிமனாக இருப்பதால் கார்ட்ரிட்ஜைத் தாங்கும் டோன் ஆர்மின் உயரத்தை மாற்ற வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒன்பது அங்குல ஆர்மில் ஒரு மில்லிமீட்டர் உயர வித்தியாசம் கோணத்தில் தோராயமாகக் கால் டிகிரி. இரண்டு தட்டுகளின் தடிமன் வித்தியாசம் அதைவிடக் குறைவாகவே இருக்கும். இதற்காக உயரத்தைத் திருகிக்கொண்டே இருந்தால் மற்ற அமைப்புகள் நகர்ந்துவிடும். நடுவான ஓர் உயரத்தில் வைத்து விட்டுவிடுங்கள்.

வேகம்தான் நிஜமான கவலை. ஒரு சதவீதம் கூடினால் சுருதி 17 சென்ட் (நூறு சென்ட் ஓர் அரைச்சுருதி) ஏறும். அதைக் காது சுருதியாக எடுத்துக்கொள்ளாமல் 'துள்ளல்', 'தெளிவு' என்று எடுத்துக்கொள்ளும். நம் ஒப்பீட்டில் இரண்டு வேகங்கள் இருப்பதால் 33, 45 இரண்டையும் தனித்தனியே ஸ்ட்ரோப் தட்டில் பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 50 என்று குறித்த வளையத்தைத்தான் பார்க்க வேண்டும். 60 வளையத்தைப் பார்த்து வேகத்தைக் கெடுத்துக்கொண்டவர்களைக் கண்டிருக்கிறேன்.

7. பதிவு செய்யுங்கள்

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் போதும். இரண்டு தட்டுகளிலும் சத்தம் மிகுந்த இடத்தை முதலில் ஓட்டிப் பார்த்து, உச்சம் மைனஸ் 6 டெசிபலுக்கு மேல் போகாதபடி அளவை வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் அந்தக் குமிழை இரண்டு தட்டுக்கும் தொடக்கூடாது. கார்ட்ரிட்ஜ் சூடேற முதல் பக்கத்தைச் சும்மா ஓடவிட்டு, அடுத்ததிலிருந்து பதிவு செய்யுங்கள். சடசடப்பை நீக்கும் மென்பொருள் எதையும் போடாதீர்கள். அது டிரம் அடியின் முனையையும் சேர்த்துத் தொட்டுவிடும்.

8. ஒலி அளவைச் சமன்செய்யுங்கள்

முழு வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். அரை டெசிபல் வித்தியாசம் யாருக்கும் சத்தமாகத் தெரியாது. ஆழம், உயிர்ப்பு, விவரம் என்றுதான் தெரியும். வெட்டும் பொறியாளர் பள்ளத்தை எவ்வளவு அகலமாக வெட்டினார் என்பதைப் பொறுத்துத் தட்டுக்குத் தட்டு பல டெசிபல்கள் மாறலாம். நான்கு பக்கங்களில் பரப்பிய 45 தட்டில் பக்கத்துக்குப் பத்து நிமிடம்தான் என்பதால் வெட்டுபவருக்குத் தாராளமாக இடம் இருக்கிறது.

இரண்டு பதிவிலும் ஒரே ஒரு நிமிடப் பகுதியை வெட்டி எடுங்கள். குரல் தொடர்ந்து இருக்கும், சடசடப்பு இல்லாத இடமாக இருக்கட்டும். அதன் நகலில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 3000 ஹெர்ட்ஸுக்கு மேலும் வடிகட்டிவிட்டு சராசரி அளவை எடுங்கள். காரணம் இருக்கிறது. வளைந்த தட்டின் ஆட்டமும் மோட்டார் அதிர்வும் அடிப்பகுதியில் சேரும், மேற்பரப்பு இரைச்சல் மேலே சேரும். முழு அலைவரிசையில் அளந்தால் இந்தக் குப்பையும் கணக்கில் வந்துவிடும். தவிர, பேஸ் தூக்கலான மறுவெளியீட்டை முழுசாக அளந்து குறைத்தால் குரல் அமுங்கிப்போகும். குரலைச் சமன்செய்தால் மேலும் கீழும் என்ன செய்திருக்கிறார்கள் என்பது தானாகத் தெரியும்.

கிடைத்த வித்தியாசத்தை வடிகட்டாத அசல் கோப்பில் சரிசெய்யுங்கள். சத்தமானதைக் குறையுங்கள், மெதுவானதை ஏற்றாதீர்கள். ஏற்றினால் உச்சம் வெட்டுப்படலாம். மறுபடி அளந்து 0.2 டெசிபலுக்குள் வந்ததா என்று பாருங்கள். 45 தட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனியாக இதைச் செய்ய வேண்டும்.

கைப்பேசியில் உள்ள ஒலிமானிச் செயலிகள் இதற்கு உதவாது. ஒரு டெசிபல் பிசகை அவை கவனிக்காது, நமக்கு வேண்டியதோ அதற்கும் கீழே.

9. பகுதிகளைத் தேர்ந்தெடுத்துக் கேளுங்கள்

பக்கத்தின் தொடக்கம், நடு, முடிவு மூன்றிலிருந்தும் எடுங்கள். 33 வேகத்தில் தட்டின் விளிம்பில் பள்ளம் வினாடிக்கு ஏறக்குறைய 51 செ.மீ. ஓடும், லேபிள் அருகே 21 செ.மீ.தான். அதே இடத்தில் 45 வேகத் தட்டு 28 செ.மீ. ஓடும். ஆகவே கடைசிப் பாட்டில் 45 ஜெயித்தால் அதில் வேகத்துக்கும் பங்குண்டு. முதல் பாட்டிலும் ஜெயித்தால்தான் மாஸ்டரிங்கைப் பற்றிப் பேசலாம்.

'ரூமர்ஸில்' நான் கேட்கும் இடங்கள் மூன்று. 'டிரீம்ஸ்' பாட்டில் பேஸ் டிரம்மும் பேஸ் கிட்டாரும் தனித்தனியாக நிற்கின்றனவா, ஒன்றோடொன்று குழம்புகின்றனவா. 'தி செயின்' பாட்டில் பேஸ் கிட்டார் தனியாக வந்து மற்றவை சேரும்போது நிஜமாகவே சத்தம் ஏறுகிறதா, இல்லை நெரிசல் மட்டும் கூடுகிறதா. முதல் பக்கத்தின் கடைசியில் வரும் 'சாங்பேர்ட்' பியானோ. துளை மையம் விலகிய தட்டில் நீண்ட பியானோ ஸ்வரம் அலையும். அப்படி அலைந்தால் டோன் ஆர்ம் உள்ளும் வெளியும் ஆடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அது அந்தப் பிரதியின் அச்சுக் குறை, மாஸ்டரிங்கின் குறை கிடையாது.

அப்புறம், பாட்டு தொடங்கும் முன் கேட்கும் டேப் இரைச்சலை விட்டுவிடாதீர்கள். இருப்பதிலேயே நம்பகமான சாட்சி அதுதான். குரலைச் சமன்செய்த பிறகும் மறுவெளியீட்டில் அந்த 'ஸ்ஸ்' கூடுதலாகக் கேட்டால் மேல்ஸ்தாயியை ஏற்றியிருக்க வாய்ப்பு அதிகம். அது பழையதில் இருந்து புதியதில் சுத்தமாகக் காணாமல் போயிருந்தால் இரைச்சல் நீக்கம் நடந்திருக்கலாம். அப்போது பாட்டு தேய்ந்து முடியும் இடத்தில் எதிரொலியின் வால் சட்டென்று அறுபடுகிறதா என்று பாருங்கள்.

இந்த ஆல்பத்தின் பல்தட டேப் ஒலிப்பதிவின்போதே ஓடி ஓடித் தேய்ந்த கதை எல்லோருக்கும் தெரியும். மங்கலாகக் கேட்கும் இடங்களுக்கு அதைக் காரணமாகச் சொல்வார்கள். அந்தத் தேய்மானம் கலவைக்கு முந்தையது, இரண்டு தட்டுக்கும் பொது. இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை அது விளக்காது.

டைனமிக் ரேஞ்ச் அளக்கும் மென்பொருளின் எண்ணை வைத்து வினைலைத் தரம் பிரிக்காதீர்கள். ஒரே டிஜிட்டல் மாஸ்டரை வினைலில் வெட்டித் திரும்பப் பதிவு செய்தாலே அந்த எண் கூடிவிடும். உச்சங்களின் வடிவம் மாறுவதால் வரும் ஏமாற்று அது.

10. பெயர் தெரியாமல் கேளுங்கள்

ஃபூபார் 2000 போன்ற மென்பொருளில் ஏ.பி.எக்ஸ். சோதனை (எக்ஸ் என்று மறைத்துத் தரும் பகுதி ஏ-யா பி-யா என்று கண்டுபிடிப்பது) வசதி உண்டு. முப்பது வினாடிப் பகுதிகளைப் போட்டு, எது எது என்று தெரியாமல் 16 முறை கண்டுபிடித்துப் பாருங்கள். 12 முறை சரியாகச் சொன்னால், குருட்டாம்போக்கில் அது நடக்க நூற்றுக்கு நான்குக்கும் குறைவான வாய்ப்பே. அதற்குக் கீழே வந்தால் உங்கள் சிஸ்டத்தில், உங்கள் காதுக்கு, அந்த இடத்தில் வித்தியாசம் உறுதியாகவில்லை. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை, காசு மிச்சம்.

பகுதிகளில் ஒரு சின்னச் சடசடப்பு இருந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். சுத்தமான இடங்களாகத் தேர்ந்தெடுங்கள். பல நேரங்களில் பாட்டைவிடப் பின்னணி இரைச்சலை வைத்தே காது அடையாளம் கண்டுவிடுகிறது. வித்தியாசத்தைக் கண்டுபிடித்தவுடன், எதைக் கேட்டுக் கண்டுபிடித்தேன் என்று உங்களையே கேளுங்கள்.

அடையாளம் கண்ட பிறகுதான் பிடித்தது எது என்ற கேள்வி. அதையும் பெயர் தெரியாமலே பதில் சொல்லுங்கள்.

11. எழுதும்போது பிரதியைப் பற்றி எழுதுங்கள்

குறிப்பில் இரண்டு தட்டின் டெட் வாக்ஸ் எழுத்துகள், தட்டின் நிலை, நீங்கள் குறைத்த டெசிபல் அளவு, கார்ட்ரிட்ஜ், ஏ.பி.எக்ஸ். முடிவு எல்லாம் இருக்கட்டும். ஒலியைப் பற்றி எழுதும்போது இடத்தைச் சொல்லுங்கள்: இந்தப் பாட்டில், இந்த நிமிடத்தில், ஹை-ஹாட் முன்னால் வருகிறது என்று. 'காற்றோட்டம்', 'இதம்' என்றால் படிப்பவரால் சரிபார்க்க முடியாது.

அன்றைய வெட்டு சாதாரண பிளேயர்களையும் மனத்தில் வைத்துச் செய்தது. அதனால் பேஸை அடக்கியும் மேல்ஸ்தாயியை மட்டுப்படுத்தியும் வெட்டிய தட்டுகள் உண்டு. மறுவெளியீட்டில் பேஸ் இறங்கிக் கேட்பதாலேயே யாரோ சேர்த்துவிட்டார்கள் என்று முடிவுகட்டாதீர்கள். அது டேப்பில் முன்பே இருந்திருக்கலாம். மறுபுறம், பல பத்தாண்டுகள் கிடந்த டேப் மேல்ஸ்தாயியில் கொஞ்சம் இழந்திருக்கக்கூடும், அதை ஈடுகட்டப் பொறியாளர் ஏற்றியிருக்கவும் கூடும். இரண்டில் எது நடந்தது என்பதைத் தட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, கேட்டதை மட்டும் எழுதுங்கள்.

ஒரிஜினல் தோற்றுவிட்டது என்று விற்கக் கிளம்பும் முன், வேறு டெட் வாக்ஸ் எழுத்துகள் உள்ள இன்னொரு பழைய பிரதியை நண்பரிடம் இரவல் வாங்கி, நான்காம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். மறுவெளியீட்டின் பதிவுக் கோப்பு ஏற்கெனவே கையில் இருப்பதால் வேலை பாதிதான். ஆனால் இதற்கிடையில் ஊசியை மாற்றியிருந்தால் அந்தக் கோப்பு செல்லாது, இரண்டையும் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும்.